அந்தோனியோ மெர்செரோ: 'லா கபினா'வோடு நிறுத்தாமல் வேறு எதையெல்லாம் பார்க்கலாம்?

திரைக்கீற்று:
வணக்கம். திரைப்படச் சங்கத் திரையிடல் ஒன்றுக்காக ஸ்பெயின் இயக்குநர் அந்தோனியோ மெர்செரோ பற்றிப் பத்து நிமிட அறிமுகம் தயாரிக்க வேண்டியுள்ளது. 'லா கபினா' (டெலிபோன் பூத்) போடுவது முடிவாகிவிட்டது. அது 35 நிமிடம்தான் என்பதால் கூடவே இன்னொன்றும் போட நேரமிருக்கிறது.

அவருடைய வாழ்க்கையில் எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிலர் அவரைத் திகில் பட இயக்குநர் என்கிறார்கள், சிலர் குழந்தைகள் தொடர் எடுத்தவர் என்கிறார்கள். இரண்டாவதாக எதைப் போடலாம்? சங்கத்தின் குறும்படக் குழுவுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கும் எட்டு நிமிடப் படம் எடுக்கத் திட்டம். அப்படி எடுக்கும்போது என்னென்ன கெட்டுப்போகும்?

பழைய ரீல்:
முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் இது அறிமுக உரைகளிலேயே வந்துவிடுகிறது. 'லா கபினா' நார்சிசோ இபான்யெஸ் செர்ராதோரின் திகில் தொடரைச் சேர்ந்தது அல்ல. இரண்டும் ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியான டிவிஇ-யில் வந்தவை, இரண்டுமே பயமுறுத்துபவை, அதனால் வரும் குழப்பம் இது. மெர்செரோ திகில் பட இயக்குநரும் அல்ல. அவருடைய மற்ற படைப்புகளில் பெரும்பாலானவை நகைச்சுவையும் குடும்பக் கதைகளும்தான்.

1936 மார்ச் 7-இல் பாஸ்க் பகுதியில் கிபுஸ்கோவா மாகாணத்து லாசார்த்தேயில் பிறந்தார். சட்டம் படித்துவிட்டு மாட்ரிட்டில் அரசுத் திரைப்படப் பள்ளிக்குப் போனார். 1962-இல் எடுத்த 'லெக்சியோன் தே ஆர்தே' (கலைப் பாடம்) என்ற குறும்படத்துக்கு சான் செபாஸ்தியான் விழாவில் குறும்படங்களுக்கான தங்கச் சிப்பி கிடைத்தது. அடுத்த ஆண்டே 'சே நெசெசித்தா சிக்கோ' (பையன் தேவை) என்ற முதல் முழுநீளப் படம். அதன் பிறகு பல ஆண்டுகள் சினிமா அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு வேலையும் பெயரும் தந்தது தொலைக்காட்சி.

1971-இல் தொடங்கிய 'குரோனிகாஸ் தே உன் புவேப்லோ' (ஓர் ஊரின் கதைகள்) தொடரை உரையில் விடாதீர்கள். அதன் பின்னணி முக்கியம். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் இருந்த அடிப்படைச் சட்டங்களில் ஒன்று 1945-இன் 'ஃபுவேரோ தே லோஸ் எஸ்பான்யோலெஸ்'. அதன் பிரிவுகளை மக்களுக்குப் புரியவைக்கத் தொடர் ஒன்று வேண்டும் என்று ஃபிராங்கோவின் வலதுகரமான கர்ரேரோ பிளாங்கோ விரும்பினார். அப்போது அரசு வானொலி தொலைக்காட்சியின் தலைவராக இருந்தவர் அதோல்ஃபோ சுவாரெஸ். ஜனநாயகம் திரும்பும்போது பிரதமரான அதே சுவாரெஸ்தான். ஆக, மேலிடத்திலிருந்து வந்த பிரச்சாரப் பணி இது. மெர்செரோ அதை மாட்ரிட் அருகே சான்தோர்காஸ் என்ற நிஜ ஊரில் எடுத்தார். பள்ளி ஆசிரியர், தபால்காரர், மேயர் என்று ஊர் மனிதர்களை முன்னால் வைத்தார். பார்த்தவர்களுக்குச் சட்டப் பிரிவு மறந்துபோயிற்று, தபால்காரர் நினைவில் நின்றார்.

அது ஓடிக்கொண்டிருந்தபோதே, 1972 டிசம்பர் 13 அன்று 'லா கபினா' ஒளிபரப்பானது. கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் ஹோசே லூயிஸ் கார்சி. பின்னாளில் ஸ்பெயினுக்கு அயல்மொழிப் படத்துக்கான முதல் ஆஸ்கரை வாங்கித் தந்தவர். 1973-இல் 'லா கபினா'வுக்குக் கிடைத்தது சர்வதேச எம்மி. வெறும் 'எம்மி' என்று எழுதாதீர்கள். அமெரிக்க நிகழ்ச்சிகளுக்குத் தரப்படும் எம்மி வேறு, வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கான இது வேறு. தருகிற அமைப்புகளும் வேறுவேறு.

பெயர் உச்சரிப்பு: மாட்ரிட் வழக்கில் 'மெர்தெரோ' என்றே காதில் விழும். தமிழில் 'மெர்செரோ' என்று எழுதினாலும் பேசும்போது எப்படியும் சொல்லலாம். ஒரே உரையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கண்ணாடிச்சுவர்:
'லா கபினா'வையும் உங்கள் குறும்படத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். முதலாவதைக் கூர்ந்து பார்த்தால் இரண்டாவதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். கதையின் முடிவு கீழே வருகிறது, பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

பூத் நின்ற இடம் மாட்ரிட்டில் ரோத்ரிகெஸ் சான் பெத்ரோ தெருவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள முற்றம். சுற்றிலும் சன்னல்களும் மாடங்களும். இந்த இடத்தேர்வே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது, ஏனென்றால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அங்கே இருக்கை ஏற்கெனவே தயார். கடைசிப் பகுதியின் நிலத்தடிக் காட்சிகள் சலமாங்கா மாகாணத்தில் தூவேரோ ஆற்றின் மேல் உள்ள அல்தேயாதாவிலா நீர்மின் நிலையத்தில் எடுக்கப்பட்டவை. மலையைக் குடைந்த நிஜமான சுரங்கப் பாதை. செட் போட்டு அந்த அளவைக் காட்டியிருக்க முடியாது.

கட்டுமானத்தைக் கவனியுங்கள். மகனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஒருவர் பூத்துக்குள் போகிறார். போன் வேலை செய்யவில்லை, கதவு திறக்கவில்லை. அந்த வழியே போகிற இருவர் இழுத்துப் பார்க்கிறார்கள், பலசாலி ஒருவர் வருகிறார், போலீஸ்காரர் வருகிறார், தீயணைப்பு வீரர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு முயற்சியும் முந்தையதைவிடப் பெரியது, ஒவ்வொன்றும் தோற்கிறது. கூட்டமும் கூடிக்கொண்டே போகிறது. கூரையை உடைக்கப் போகும் நேரத்தில் டெலிபோன் கம்பெனி ஆட்கள் வந்து பூத்தை அப்படியே லாரியில் ஏற்றுகிறார்கள். கூட்டம் கையசைத்து வழியனுப்புகிறது. இதுவரை இது நகைச்சுவை. அதற்குப் பிறகு உதவிக்கு யாரும் இல்லை, பேச்சும் அநேகமாக இல்லை, சாலை மட்டும்தான். வழியில் இன்னொரு லாரியில், இன்னொரு பூத்தில், இன்னொரு மனிதர். அந்த ஒரே காட்சியில் இது விபத்து அல்ல, ஏற்பாடு என்று புரிந்துவிடுகிறது. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. கடைசியில் பிணங்கள் உள்ள பூத்துகள் வரிசையாக நிற்கும் கிடங்கு. அங்கிருந்து வெட்டினால் பழைய முற்றம், புதிய பூத்.

பூத்துக்குள் மாட்டுபவராக நடிக்க ஹோசே லூயிஸ் லோபெஸ் வாஸ்கெஸைத் தேர்ந்ததும் இதே கணக்குத்தான். பார்வையாளர்களுக்கு அவர் முதலில் நகைச்சுவை நடிகர். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள், அப்படிச் சிரித்துக்கொண்டே பூத்துக்குள் அவரோடு மாட்டிக்கொள்வார்கள். இயக்குநர் கார்லோஸ் சாவுரா அவரைக் கனமான வேடங்களிலும் பயன்படுத்தியிருந்தார், ஆகவே அவரால் முடியும் என்பது தெரிந்ததுதான்.

இனி உங்கள் பெட்டி.

பூத்தின் தரை 90 செ.மீ. சதுரம், உயரம் 220 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிஜக் கண்ணாடி என்றால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 6 மி.மீ. டஃபண்டு (உறுதியூட்டிய) கண்ணாடியில் 0.9-க்கு 2 மீட்டர் பலகை ஒன்று 27 கிலோ. மூன்று சுவரும் கதவும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும், சட்டம் தனி. அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) இதில் பாதிதான். ஆனால் சீக்கிரம் கீறல் விழும், துணியால் துடைத்தால் தூசியை இழுக்கும், 4 மி.மீ.-க்குக் குறைந்தால் வெயிலில் நெளிந்து பிரதிபலிப்பு அலை அலையாகத் தெரியும். நடிகர் அடிக்கிற, மோதுகிற பக்கத்துக்கு மட்டும் 6 மி.மீ. அக்ரிலிக் போடுங்கள். சாதாரணக் கண்ணாடி எந்தப் பக்கமும் வேண்டாம்.

பெரிய தொல்லை பிரதிபலிப்பு. கேமராவும் குழுவும் கண்ணாடியில் தெரியும். செய்ய வேண்டியவை: ஷாட்டில் தெரியாத பலகைகளை எல்லாம் கழற்றிவிடுங்கள், சட்டம் மட்டும் இருந்தால் போதும். பலகை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று வரும்படி ஸ்க்ரூவில் பொருத்துங்கள், பசை போடாதீர்கள். கேமராவுக்கு முன்னால் லென்ஸ் அளவு துளையிட்ட கருந்துணி கட்டுங்கள். பலகையை இரண்டு மூன்று டிகிரி சாய்த்தால் பிரதிபலிப்பு தரைக்கோ வானத்துக்கோ போய்விடும், கண்ணுக்குச் சாய்வு தெரியாது. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) உதவும், ஆனால் கண்ணாடிக்கு நேர்கோணத்திலிருந்து சுமார் 56 டிகிரி விலகி நின்றால்தான் முழுப் பலன். நேர் எதிரே நின்றால் ஒன்றும் நடக்காது, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை இழப்பதுதான் மிச்சம்.

எல்லாப் பிரதிபலிப்பையும் துடைத்துவிடவும் வேண்டாம். வெளியே நிற்கும் கூட்டத்தின் பிரதிபலிப்பு உள்ளே இருப்பவர் முகத்தின் மேல் விழுகிற ஷாட் ஒன்று இருந்தால் வசனம் மிச்சம்.

ஒலி பெரும்பாலும் மறந்துபோகிற விஷயம். 90 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே இரண்டு கெட்டிச் சுவர் இருந்தால் 190 ஹெர்ட்ஸ் அருகே ஒலி உறுமும். பேச்சுக் குரலின் எல்லைக்குள் வருவது அது. பேசினால் பானைக்குள் பேசுவதுபோல இருக்கும். கேமரா பார்க்காத சுவரில் கம்பளி தொங்கவிடுங்கள், சட்டைக்குள் சின்ன மைக் வையுங்கள். வெளியிலிருந்து கேட்கும் குரலைத் தனியாகப் பதிந்து, மேல் அலைகளை (உயர் அதிர்வெண் ஒலியை) வெட்டிச் சேருங்கள். உள்ளே கேட்பதும் வெளியே கேட்பதும் ஒன்றாகவே இருந்தால் கண்ணாடி இருக்கிறது என்பதைப் பார்வையாளர் நம்ப மாட்டார்.

வெயிலில் மூடிய கண்ணாடிப் பெட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். கூரையைத் திறந்தே வையுங்கள், கேமரா மேலே பார்க்கும் ஷாட்டுக்கு மட்டும் மூடுங்கள். மூச்சுப்பனி படிந்தால் ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி உடையும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டு தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் படியாது. கதவை உண்மையிலேயே பூட்டக் கூடாது. கீல் ஊசியை உள்ளிருந்தே கையால் உருவும்படி வைத்து, படப்பிடிப்புக்கு முன் நடிகரே இரண்டு முறை உருவிப் பார்க்கட்டும்.

திரைக்கீற்று:
மிக்க நன்றி. 190 ஹெர்ட்ஸ் கணக்கு யாருக்கும் தோன்றியிருக்காது. 'லா கபினா'வை ஃபிராங்கோ ஆட்சியின் குறியீடு என்று அறிமுகத்தில் சொல்லலாமா? இரண்டாவது படமாக 'வெரானோ அசுல்' (நீலக் கோடை) தொடரிலிருந்து ஓர் அத்தியாயம் போடலாம் என்று ஒரு யோசனை.

கடலோரம்:
குறியீடு பற்றி: சொல்லலாம், ஆனால் அது மட்டுமே பொருள் என்று சொல்லாதீர்கள். 1972-இல் ஃபிராங்கோ உயிரோடு இருந்தார், 1975 நவம்பரில்தான் இறந்தார். முகம் தெரியாத ஓர் அமைப்பு ஒருவரைத் தூக்கிக்கொண்டு போக, ஊர் வேடிக்கை பார்க்கிறது என்ற கதை அரசுத் தொலைக்காட்சியிலேயே வந்தது என்பதைச் சொன்னால் போதும், கேட்பவர்கள் மற்றதைப் புரிந்துகொள்வார்கள். படத்துக்குள் ஆட்சியைக் குறிக்கும் நேரடிச் சொல் எதுவும் இல்லை. இந்த ஐம்பது ஆண்டில் ஸ்பெயினுக்கு வெளியே அதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்சியைத் தெரியாமலேயே பயம் வந்திருக்கிறது.

'வெரானோ அசுல்' நல்ல யோசனை. விவரம் தருகிறேன். 19 அத்தியாயங்கள். 1981 அக்டோபர் 11 முதல் 1982 பிப்ரவரி 14 வரை ஞாயிறுதோறும் வந்தது. மாலகா மாகாணத்துக் கடலோர ஊரான நெர்ஹாவில் எடுத்தது. பெயர் ஒரு கோடை, படப்பிடிப்பு பதினாறு மாதம், 1979 ஆகஸ்ட் முதல் 1980 டிசம்பர் வரை. இங்கேதான் சிக்கல். கதையில் சில வாரங்கள் கழிவதற்குள் நிஜத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். குளிர்காலக் கடலில் கோடைக் குளியலும் எடுத்தாக வேண்டும். அத்தியாயங்களை வரிசையாகப் பார்த்தால் சில இடங்களில் பிள்ளைகளின் உயரம் முன்னும் பின்னும் போவது தெரியும்.

ஏழு பிள்ளைகள், ஓவியம் வரையும் ஹூலியா என்ற பெண், நிலத்தில் நிற்கும் படகில் குடியிருக்கும் சான்கெத்தே என்ற முதியவர். சான்கெத்தேயாக நடித்தவர் அந்தோனியோ ஃபெர்ரான்திஸ், கார்சியின் ஆஸ்கர் படத்துக்கும் அவர்தான் நாயகன். சீழ்க்கையில் வரும் முகப்பு இசை கார்மெலோ பெர்னாவோலாவுடையது. ஒரு சிறுமிக்கு முதல் மாதவிலக்கு, பெற்றோர் பிரிவு, படகை அகற்றிக் கட்டடம் கட்ட வருகிறவர்களை எதிர்ப்பது என்று குடும்ப நேரத்தில் யாரும் தொடாதவற்றை மெர்செரோ தொட்டார். விவாகரத்துச் சட்டம் ஸ்பெயினில் வந்ததே 1981-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எந்த அத்தியாயம்? சான்கெத்தே இறக்கும் பதினெட்டாவதைத் தனியாகப் போடாதீர்கள். பதினேழு வாரம் அவரோடு பழகியவர்களுக்குத்தான் அந்த இழப்பு விளங்கும், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு முதியவர் இறக்கிறார், அவ்வளவே. படகுக்காகப் பிள்ளைகள் 'நோ நோஸ் மோவெரான்' (எங்களை அசைக்க முடியாது) என்று பாடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும் அத்தியாயம் தனியாக நிற்கும். தலைப்பும் அதே. 'லா கபினா'வுக்குப் பிறகு பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். அங்கே ஊர் ஒருவரைக் கைவிட்டது, இங்கே பிள்ளைகள் ஒருவரைக் கைவிட மறுக்கிறார்கள்.

பழைய ரீல்:
ஒரு மாற்றுக் கருத்து. இரண்டாவதாக அவருடைய திரைப்படம் ஒன்றைப் போடுவதே சரி என்பேன். இல்லாவிட்டால் சினிமாவில் அவர் ஒன்றும் செய்யவில்லை என்ற எண்ணம் தங்கிவிடும். மெர்செரோவுக்கு மூடிய இடம் ஒன்று எப்போதும் தேவைப்பட்டது. 1977-இன் 'லா கெர்ரா தே பாப்பா' (அப்பாவின் போர்) மிகேல் தெலிபெஸின் நாவலிலிருந்து எடுத்தது. ஒரு வீடு, ஒரு நாள், மூன்று நான்கு வயதுப் பையன் ஒருவன். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வென்ற பக்கத்து அப்பா, தோற்ற பக்கத்துக் குடும்பத்தில் பிறந்த அம்மா. பெரியவர்கள் வாய்திறந்து பேசாத சண்டையைப் பையன் தன் உயரத்திலிருந்து கேட்கிறான். 2003-இன் 'பிளாந்தா குவார்தா' (நான்காம் தளம்) மருத்துவமனையில் எலும்புப் புற்றுநோய்ப் பிரிவில் இருக்கும் பையன்களின் கதை. அதே நோயைச் சிறுவயதில் கடந்துவந்த அல்பெர்த் எஸ்பினோசாவின் நாடகத்திலிருந்து வந்தது. 1991 செப்டம்பர் முதல் 1995 டிசம்பர் வரை அன்தேனா 3 அலைவரிசையில் ஓடிய 'ஃபார்மாசியா தே குவார்தியா' 169 அத்தியாயமும் ஒரு மருந்துக்கடைக்குள்தான். அதன் கடைசி அத்தியாயத்தை ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

கடலோரம்:
அப்படியென்றால் 'வெரானோ அசுல்'? அது முழுக்க வெட்டவெளி. சைக்கிள், கடற்கரை, குகை.

பழைய ரீல்:
இடம் திறந்ததுதான். காலம் மூடியது. செப்டம்பர் வந்தால் எல்லோரும் ஊர் திரும்ப வேண்டும், கடைசி அத்தியாயத்தின் பெயரே கோடையின் முடிவு. ஆனால் தனித்து நிற்கும் அத்தியாயம் பற்றி நீங்கள் சொன்னது சரி. நேரம் குறைவென்றால் அதுவே நல்ல தேர்வு.

முழுநீளப் படம் போட நேரம் இருந்தால் 'லா கெர்ரா தே பாப்பா' போடுங்கள். சிரித்துக்கொண்டே பார்க்கிற கூட்டம் என்றால் 1988-இன் 'எஸ்பெராமே என் எல் சியேலோ' (சொர்க்கத்தில் எனக்காகக் காத்திரு). ஃபிராங்கோவின் சாயலில் இருக்கும் சாதாரணக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து வந்து ஃபிராங்கோவாக ஆள்மாறாட்டம் செய்யப் பழக்குகிறார்கள். பழக்குகிற அதிகாரியாக நடித்த ஹோசே சாசாதோர்னிலுக்கு அதற்காக கோயா விருது (ஸ்பெயினின் தேசியத் திரைப்பட விருது) கிடைத்தது. இதிலும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய் அடைக்கிறார்கள், பாருங்கள்.

அறிமுகத்தில் கடைசிக் காலத்தைச் சொல்லும்போது ஆண்டுகளைச் சரியாகச் சொல்லுங்கள். 2007-இல் அல்சைமர் நோய் பற்றி 'இ து கியேன் எரெஸ்?' (நீ யார்?) எடுத்தார். மனுவேல் அலெக்சாந்த்ரேயோடு லோபெஸ் வாஸ்கெஸும் நடித்தார், பூத்துக்குள் நின்று முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு. 2010-இல் மெர்செரோவுக்கு கௌரவ கோயா விருது வழங்கப்பட்டபோது அவருக்கே அல்சைமர் வந்திருந்தது, விழாவுக்கு வர முடியவில்லை. 2018 மே 12 அன்று மாட்ரிட்டில் தம் 82-ஆவது வயதில் இறந்தார். நோய் வந்த பிறகு அந்தப் படத்தை எடுத்தார் என்று சிலர் மாற்றி எழுதுகிறார்கள். படம்தான் முதலில்.

கண்ணாடிச்சுவர்:
திரையிடலுக்கு ஒன்று. 'லா கபினா'வில் பின்பாதிக்கு வசன வரி அநேகமாகத் தேவையே இல்லை, முன்பாதியில் கூட்டத்தின் பேச்சுக்கு மட்டும் தமிழில் போட்டால் போதும். எல்லாக் குரலையும் மொழிபெயர்க்காதீர்கள், கண் கீழேயே தங்கிவிடும், பூத்துக்குள் இருப்பவர் முகம் தவறிவிடும். படம் பழைய நாலுக்கு மூன்று சட்டகத்தில் எடுத்தது. ப்ரொஜெக்டர் தானாக அகலத்தை இழுத்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூத் அகலமாகிவிடும், உள்ளே இருப்பவரின் நெருக்கடி போய்விடும்.

திரைக்கீற்று:
முடிவு: முதலில் 'லா கபினா', ஐந்து நிமிட இடைவெளி, பிறகு 'நோ நோஸ் மோவெரான்' அத்தியாயம். அறிமுகம் முன்னால் ஐந்து நிமிடம்தான். கதையையும் எம்மியையும் கடைசிக் கால விவரத்தையும் திரையிடலுக்குப் பிறகு வைக்கிறோம், முன்னாலேயே சொன்னால் லாரிக் காட்சி கெட்டுவிடும். குறும்படக் குழு பலகைகளை ஸ்க்ரூவில் பொருத்தும் வரைபடம் போடத் தொடங்கிவிட்டது. சாய்வு இரண்டரை டிகிரி.

கண்ணாடிச்சுவர்:
கேமரா பக்கத்துப் பலகையை மட்டும் சாயுங்கள், மேல்முனை கேமராவை நோக்கி. இரண்டு மீட்டர் பலகைக்கு இரண்டரை டிகிரி என்றால் மேலே சுமார் 9 செ.மீ. வெளியே வரும். மேல் சட்டத்தில் அந்த அளவு இடம் இப்போதே விட்டுவிடுங்கள், பிறகு வெட்ட முடியாது.